பச்சை வயர் போகும் இடம்

ஜூன் 3

தம்பிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா, சுகமா என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் அண்ணிக்கு ஒரு டவல் ஹீட்டர் வாங்கியிருக்கிறேன். சின்ன ஏணி மாதிரி ஐந்து கம்பி. கரண்டில் சூடாகும். மேலே துண்டைப் போட்டுவைத்தால் குளித்து முடிக்கும்போது கதகதப்பாக எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் அந்த வைத்தியம் முடிந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அவளுக்குக் குளிர் விட்டபாடில்லை. ஈரம் காயாத துண்டைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிப்போய், சுவரைப் பிடித்தபடி வெளியே வருகிறாள். தினமும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

குளியலறையில் வாஷிங் மெஷினுக்காக நீ போட்ட பிளக் பாயின்ட் இருக்கிறதே, அதிலிருந்தே இதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஹீட்டர் ஷவருக்குப் பக்கத்துச் சுவரில். கை நீட்டினால் துண்டு. அதோடு வந்த வயர் குட்டை, ஒட்டுப் போட்டு நீட்டிக்கொள்ளலாம்.

நீ வேலை பார்க்கும் ஹோட்டலில் நூற்று நாற்பது அறையிலும் இது இருக்கிறதாம், மாட்டியது நீதானாம். கேள்விப்பட்டேன். அதனால் கேட்கிறேன். நீ வர வேண்டாம். எந்த வயர் எதில் போகும் என்று ஒரு படம் போட்டு அனுப்பு, போதும். முப்பது வருடம் பைப் மாட்டியவனுக்கு ஐந்து கம்பி மாட்டத் தெரியாதா என்ன?

அண்ணன்


ஜூன் 9

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாவது தடவை பயம் வந்தது.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "இவன் என்னைக் கொல்லப் பாத்தான்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்த ஆட்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு நான் வயர் போடப் போக முடியும்? அப்படிப்பட்டவனிடம் கரண்டு விஷயத்தில் யோசனை கேட்கிறோமே என்று எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

படம் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அன்றைக்கே நீங்களே மாட்டிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா. அண்ணிக்காக இதை மட்டும் எழுதுகிறேன்.

ஷவருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தெறிக்காத சுவராக இருக்க வேண்டும், ஷவரில் நிற்பவர் கை அதற்கு எட்டக் கூடாது. துண்டு எடுக்க நாலு எட்டு நடந்தால் யார் காலும் தேய்ந்துவிடாது. பிளக் கூடாது. ஒட்டுப் போட்ட வயர் என்று இன்னொரு தடவை எழுதினால் நான் பதிலே போட மாட்டேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன் வர வேண்டும். ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே, ஈரக் கை படாத இடத்தில், அதற்கென்று ஒரு ஃபியூஸோடு இருக்க வேண்டும். அங்கிருந்து வயர் சுவருக்குள்ளேயே போய், ஹீட்டருக்குப் பின்னால் ஒரு மூடின பெட்டியில் முடிய வேண்டும். வாஷிங் மெஷினுக்கு உள்ளே பிளக் பாயின்ட் வைத்ததே என் தப்புதான். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இன்னொன்று. வீட்டு போர்டில் இன்னும் பழைய ஃபியூஸ் கட்டைகள்தானே? அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கரண்டு கொஞ்சம் கசிந்தாலே கண்ணிமைக்கும் முன் அணைந்துவிடுகிற டிரிப் ஸ்விட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல், எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல், அந்த ஹீட்டரைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

ஒரு படம் கேட்டேன், நீ பிரசங்கம் அனுப்பியிருக்கிறாய்.

நீயும் கோபத்தை முதலில் சொன்னாய், நானும் சொல்கிறேன். அந்தப் பல் டாக்டர் கட்டடத்தில் வயரை ஸ்விட்சுக்கு நேர் மேலிருந்து இறக்காமல், சுவரில் குறுக்கே சாய்வாக இழுத்தது யார்? நாலு அடி வயர் மிச்சம் பிடிக்கத்தானே? வயர் நேராகத்தான் இருக்கும் என்று நம்பித்தான் நான் தள்ளிப்போய் ட்ரில் போட்டேன். ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்து உடைந்த காலை இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் வைக்கிறேன். கொல்லப் பார்த்தான் என்றது வலியில் வாயில் வந்தது. அதற்காக ஊரை விட்டே போவார்களா? சரி, போனாய். அவள் ஆஸ்பத்திரியில் கிழிந்த நாராகக் கிடந்தாளே, ஒரு தடவை எட்டிப் பார்த்தாயா? அதற்கு என்ன பெயர் வைப்பது?

உன் பேச்சைக் கேட்டு ஒருத்தனைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே, "மாட்டிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றான். உள்ளே வந்து பார்க்காமலே ஒண்ணும் ஆகாது என்று சொல்கிறவர்கள் என் தொழிலிலும் இருக்கிறார்கள். அனுப்பிவிட்டேன்.

எர்த் இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாய். இந்த வீட்டுக்கு வயர் போட்டது நீ. வாஷிங் மெஷின் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், பச்சை வயர் பத்திரமாக இருக்கிறது. (மெயினை அணைத்துவிட்டுத்தான் கழற்றினேன், குதிக்காதே.) பிறகு என்ன?

எனக்கு அவசரம். காரணம் கேள். வைத்தியம் முடிந்து வந்ததிலிருந்து அவளுக்கு விரலில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துகிறதாம். அந்த மருந்தின் மிச்சம்தான், குளிர்ச்சி பட்டால் அப்படி இருக்கும், சில மாதத்தில் போய்விடும் என்றார் டாக்டர். போகவில்லை. குளிர்ச்சிதான் காரணம் என்றால் குளிர்ச்சியை ஒழித்துவிடுவோம் என்றுதான் இந்த ஹீட்டரையே வாங்கினேன். இரண்டு வருடமாக இதே பாட்டு. போன வாரம் எனக்குப் பொறுமை போய், "உனக்கு எதைத் தொட்டாலும் சுருக்குதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் அன்றிலிருந்து சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

சீக்கிரம் படம் அனுப்பு.

அண்ணன்


ஜூன் 20

அண்ணனுக்கு,

சண்டையை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அண்ணிக்கு அந்தச் சுருக் எங்கே நிற்கும்போது வருகிறது? சமையலறையில் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலும் வருகிறதா, குளியலறையில் மட்டுமா? எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது? காலில் செருப்பு உண்டா? இதை இதுவரை யாராவது அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?

அடுத்தது நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. பிளக்கில் பச்சை வயர் இருக்கிறது என்றீர்கள். இருக்கும். பச்சை வயர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி. எர்த் என்றால் மண். வீட்டில் எந்தத் தகரத்தில் கரண்டு கசிந்தாலும் அந்த வயர் வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்கு நான் குழி தோண்டிக் கம்பி இறக்கியிருக்க வேண்டும். வீடு கட்டும்போது உங்களிடம் இறக்கிவிட்டேன் என்றுதான் சொன்னேன். இறக்கவில்லை. பின்பக்கம் முழுக்கப் பாறை. இரண்டு அடிக்கு மேல் கடப்பாரை இறங்கவில்லை, எனக்கும் பொறுமை இல்லை. தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற இரும்புத் தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள்தானே போகிறது என்று, பின்பக்கக் குழாயடியில் அதன் மேலேயே ஒரு கிளாம்ப் போட்டுப் பச்சை வயரை முடுக்கிவிட்டேன். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை, ஒரு சீட்டுக்கூட எழுதி ஒட்டவில்லை.

அந்தக் குழாய் இன்னும் அப்படியே இருக்கிறதா? கிளாம்ப் இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள். இல்லை, தயவுசெய்து போன் செய்யுங்கள்.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

போய்ப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் குழாய் இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளில் வீட்டுக் குழாய் முழுவதையும் மாற்றினேன். இரும்பு துருப்பிடித்து, காலையில் திறந்தால் செங்கல் கரைசல் மாதிரி தண்ணீர் வரும். வைத்தியம் முடிந்து வருகிறவள் அதிலா குளிப்பது? தெரு வால்விலிருந்து ஷவர் வரைக்கும் ஒரு அடி விடாமல் புதுப் பிளாஸ்டிக் பைப். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அவள் வந்து குழாயைத் திறந்துவிட்டு, "கண்ணாடி மாதிரி வருதுங்க" என்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பின்பக்கம் பழைய குழாயில் ஒரு கிளாம்ப், அதில் அழுக்கேறி நிறம் தெரியாத ஒரு வயர் இருந்தது. எப்போதோ துணிக்கொடிக்குக் கட்டிய கம்பி என்று நினைத்துக் கட்டரால் வெட்டி எறிந்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நீ கேட்டதை அவளிடம் கேட்டேன். குளியலறையில் மட்டும்தான். தலை சுற்றல் இருப்பதால் ஈரத் தரையிலிருந்து காலெடுத்து வைக்கும்போது வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொள்வாளாம், பெயின்ட் உரிந்த அந்த மூலையில். வெறுங்காலோடு. நான் ரப்பர் செருப்பில்லாமல் அங்கே போவதே இல்லை. இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் திடீர்னு கேக்குறீங்க?" என்றாள். சும்மாதான், இனி செருப்புப் போட்டுக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன்.

தெரியாமல் நீ இழுத்த ஒரு வயரில் நான் விழுந்தேன். உன்னை நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் வெட்டினதை அவள் இரண்டு வருடமாகக் கையில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். என்னை யார் என்ன சொல்வது?

உனக்குப் போன் செய்ய எடுத்தேன், கை வரவில்லை.


ஜூன் 29

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. பிரித்துப் படித்த கையோடு அண்ணிக்குப் போன் செய்துவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு வாஷிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், யாரும் அதைத் தொட வேண்டாம், கீசரையும் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் தம்பி என்று கேட்டார். அண்ணன் சொல்வார் என்று சொல்லிவிட்டேன்.

அதைச் சொல்ல வேண்டியது நீங்கள். நான் சொன்னால் அது ஒரு ரிப்பேர் விஷயமாகப் போய்விடும். "எதைத் தொட்டாலும் சுருக்குதான்" என்று சொன்னது நீங்கள். என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். எர்த் குழி தோண்டாமல் தோண்டியதாகச் சொன்னவன் நான்.

அண்ணிக்கு வந்தது சின்னக் கசிவுதான். வாஷிங் மெஷின் மாதிரி சாமான்களில் எப்போதும் துளி கரண்டு தகரத்துக்கு வரும். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. இல்லாததால் அது தொடுகிறவர் வழியாக இறங்கியிருக்கிறது. ஆனால் உள்ளே என்றைக்காவது ஒரு வயர் உரிந்து தகரத்தில் பட்டிருந்தால் சுருக்கோடு நின்றிருக்காது. அதே பச்சை வயரில்தான் நீங்கள் ஹீட்டரையும் சேர்க்க இருந்தீர்கள். கரண்டு வந்திருந்தால் அந்த ஐந்து கம்பிக்கும் வந்திருக்கும், குளித்துவிட்டு ஈரக் கையோடு அதைத்தான் அண்ணி தொட்டிருப்பார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். வந்தேன். ஒரு மதியம், நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. அண்ணன் எங்கே என்று கேட்டதற்கு, "வீட்ல ஏதோ வேலையா இருக்காரு, நீங்க வந்தத அவருக்குச் சொல்லாதீங்க, ரெண்டு பேரும் சண்ட போடுவீங்க" என்றார் அண்ணி. அந்த வேலை என்ன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றைக்கு உங்களைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தால் கட்டர் உங்கள் கையில் இருக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருப்பேன். வராமல் திரும்பிப் போனேன். அதை என்னால் மறக்க முடியாது.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

நீ போன் செய்த அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது வீடே இருட்டாக இருந்தது. மெயினை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "தம்பி போன் பண்ணுச்சு. நீங்க ஏதோ சொல்வீங்கன்னுச்சு" என்றாள். குளித்துவிட்டு வந்து சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கடைசியில் நின்றபடியே சொன்னேன். குழாய், கிளாம்ப், வயர், வெட்டினது, எல்லாம். உன் பாறையையும் விடவில்லை. அவள் கை நன்றாகத்தான் இருக்கிறது, அவள் சொன்னதெல்லாம் நிஜம், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றேன்.

அடிப்பாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அது திரும்பி வரலையா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, அந்த நோய் திரும்பி வந்துவிட்டது என்றே அவள் முடிவு செய்திருக்கிறாள். சில மாதத்தில் போய்விடும் என்று டாக்டர் சொன்ன சுருக் போகவில்லை, அப்படியென்றால் உள்ளே வேறு என்னவோ நடக்கிறது என்று. டாக்டர் வாயால் அதைக் கேட்கப் பயந்து, போன நாலு மாதமாகச் செக்கப்புக்கே போகவில்லை. போய்விட்டு வந்தேன், எல்லாம் நல்லபடி என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நானும் சரி என்று பேப்பரைத் திருப்பிப் படித்திருக்கிறேன். ஒரே வீட்டில் ஒருத்தி சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள், நான் துண்டு காயவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். மூன்றாம் நாள் அவளே டாக்டரிடம் தேதி வாங்கி, "கிளம்புங்க" என்றாள். ரத்தம், படம், எல்லாம் எடுத்தார்கள். போன திங்கட்கிழமை முடிவு வந்தது. எல்லாம் சுத்தம். டாக்டர் சொன்னதை அவள் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள், அவரும் சலிக்காமல் சொன்னார்.

இதற்கு நடுவே நீ சொன்ன மாதிரி லைசென்ஸ் உள்ள ஒரு அம்மாவைப் பிடித்தேன். உள்ளே வந்ததும் முதலில் மீட்டரைத்தான் எடுத்தார். வீட்டில் ஒரு பிளக்கிலும் எர்த் இல்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார் பார், நான் ஸ்கூலில்கூட அப்படி நின்றதில்லை. பின்பக்கம் பாறை என்றேன். "முன்பக்கம் பாறை இல்லையே சார்" என்றார். உனக்கும் எனக்கும் இத்தனை வருடம் அது தோன்றவில்லை. முன்பக்கம் குழி தோண்டிக் கம்பி இறக்கி, மேலே மூடி போட்டு, எர்த் என்று பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறார். போர்டை மாற்றி டிரிப் ஸ்விட்ச் வைத்தார். அதில் இருக்கும் சோதனை பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டுமாம், உன் அண்ணி அந்த வேலையைத் தனக்கு எடுத்துக்கொண்டாள், என்னை நம்பவில்லை. மெஷினைக் குளியலறைக்கு வெளியே கொண்டுவந்தாயிற்று. ஹீட்டர் நீ சொன்ன சுவரில், தனி லைனில், ஸ்விட்ச் வெளியே. எல்லாம் முடிந்து மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான், "இப்ப தொடுங்கம்மா" என்றார். மெஷினின் உரிந்த மூலையில் உள்ளங்கையை வைத்து அவள் அப்படியே நின்றாள். "ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமே இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அம்மா திரும்பிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார்.

கொல்லப் பார்த்தான் என்று சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டால் நடுவில் கத்திவிடுவேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

இனி முக்கியமான விஷயம். டாக்டரிடமிருந்து வந்த அன்று அவள் பீரோவைத் திறந்து காட்டினாள். பாதி காலி. இந்த நாலு மாதத்தில் நல்ல புடவைகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கண்ணே இல்லை, கவனிக்கவில்லை. "போய் எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டு வாங்க. நீங்கதான் போகணும்" என்றாள். கொடுத்த புடவையைத் திருப்பிக் கேட்க எந்த மனுஷன் வாய் திறப்பான்? போனேன். டீச்சர் வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல், "டீச்சர், அவ சாகப் போறதில்லையாம், புடவையக் கொடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் புடவையோடு சேர்த்துத் தன் புடவை ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். எதிர் வீடு, பார்மசிப் பெண், மாடி வீட்டு மருமகள் என்று இந்தக் காலை இழுத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். ஏழு வந்துவிட்டது.

எட்டாவது, அந்த மயில் கழுத்து நிறம். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்தது. அது அவள் தங்கையிடம் இருக்கிறது, உன் ஊரில், உன் ஹோட்டலுக்கு மூன்று தெரு தள்ளி. தங்கைக்குப் போன் செய்து சொல்லியாயிற்று, மடித்துத் தயாராக வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டாளாம். வேண்டாம், தம்பி கொண்டுவரும் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

அண்ணன்